கழற்றும் முன் ஒரு வீடியோ: பழைய பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்டை விற்கப் போகிறவர்களுக்கு

வண்டியை விற்கப் போகிறீர்கள், அல்லது சத்தம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அல்லது இதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கியாகிவிட்டது. காரணம் எதுவானாலும், ஆசையாகக் காசு கொட்டி மாட்டிய எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயும் சைலன்சரும், இப்போது கைமாற வேண்டும். விற்றுப் பழக்கம் இல்லாதவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: கழற்றித் தரையில் போட்டு ஒரே ஒரு போட்டோ எடுத்து, "சைலன்சர் விற்பனைக்கு, நல்ல கண்டிஷன்" என்று எழுதிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் "எந்த வண்டிக்கு?", "சத்தம் எப்படி?", "கடைசியா என்ன விலை?" என்ற அதே மூன்று கேள்விகள் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கும். பதில் சொல்லிச் சலித்து, ஒருநாள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

வாங்குகிறவருக்கு இருப்பது இரண்டே பயம். தன் வண்டியில் சரியாக உட்காருமா, சத்தம் தனக்குப் பிடிக்குமா. மாட்டிப் பார்த்தால்தான் இரண்டும் தெரியும். மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் காசைக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிக்கலை நீங்களே முன்கூட்டி அவிழ்த்து வைத்தால் பேரம் பாதி முடிந்த மாதிரி. கீழே சொல்கிற வேலையெல்லாம் அதற்காகத்தான்.

வண்டியில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

ஸ்பேனரைத் தொடும் முன் போனை எடுங்கள். கழற்றிய குழாயிடம் சத்தம் கேட்க முடியாது. இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வது, சூடான பிறகு ஐடிலில் நிற்பது, மெதுவாக 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்குவது, ஒரு தடவை கடந்து போவது என நான்கு துண்டுகள் போதும். போனைக் குழாயின் வாயருகே பிடித்தால் மைக் திணறி எல்லா வண்டியும் ஒரே மாதிரி கரகரக்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, குழாய்க்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். நிற்கும் வண்டியின் ஒலியை அளக்கிற ஐஎஸ்ஓ 5130 முறையிலும் மைக்கை 45 டிகிரி சாய்வில்தான் வைப்பார்கள். அரை மீட்டர் தூரத்தில். புகை நேராக மைக்கில் அடிக்கக் கூடாது என்பது நமக்கும் பொருந்தும்.

இன்னொரு வீடியோவை வண்டிக்குள் உட்கார்ந்து எடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில், 2,000 முதல் 3,000 ஆர்பிஎம் வாக்கில், காதுக்குள் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம் உட்கார்ந்துகொள்ளுமே, அதை 'ட்ரோன்' என்பார்கள். இருக்கிறதா, எந்த ஆர்பிஎம்மில் என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் மறைக்கிற விஷயம் இது. நீங்கள் சொன்னால் மீதிச் சொல்வதையும் நம்புவார்கள்.

வண்டியின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பம்பர் இடைவெளிக்குள் டிப் (வெளியே தெரிகிற குழாய் முனை) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் 'சைலன்சர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விற்கும்போது அது போதாது. பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிற மஃப்ளரும் (சத்தத்தைக் குறைக்கிற பெட்டி) டிப்பும் மட்டும் என்றால் ஆக்ஸில்-பேக். புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து கடைசிவரை முழுவதும் என்றால் கேட்-பேக். டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய் டவுன்பைப். டர்போ இல்லாத எஞ்சினில் சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்களைச் சேர்ப்பது ஹெடர். டவுன்பைப்பும் ஹெடரும் விற்பதில் சட்டச் சிக்கல் உண்டு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது உலோகம். பீரோவில் ஒட்டுகிற சாதாரண காந்தம் ஒன்று போதும். நேரான குழாயில் காந்தம் ஒட்டவே இல்லையென்றால் பெரும்பாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ். ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது, வெகுநாள் துருவைத் தாங்கும். வளைவுகளில் மட்டும் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். குளிர்நிலையில் வளைக்கும்போது 304 கொஞ்சம் காந்தத்தன்மை பெறும். எல்லா இடத்திலும் பச்சென்று ஒட்டினால் 409 ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியப் பூச்சுள்ள இரும்பு. 409-இல் குரோமியம் 11 சதவீத அளவுதான், மேலே பழுப்பாகத் துரு பூக்கும், ஆனால் சீக்கிரம் ஓட்டையாகாது. டைட்டானியத்துக்குக் காந்தம் வேண்டியதில்லை, தூக்கினாலே தெரியும். அதன் அடர்த்தி எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான்.

விட்டத்தைத் தைக்கிற டேப்பால் அளக்கலாம். குழாயைச் சுற்றி வளைத்தால் 24 செ.மீ. வந்தால் 3 அங்குலக் குழாய், 20 செ.மீ. வந்தால் இரண்டரை அங்குலம். அப்புறம் மஃப்ளரின் அடிப்பக்கத்தையும் ஃப்ளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கிற தட்டையான விளிம்பு) ஓரங்களையும் பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பார்ட் நம்பர் பொறித்திருக்கலாம், சிறு தகடு பற்ற வைத்திருக்கலாம். இந்த நம்பர்தான் உங்கள் பொருளின் ஜாதகம். எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று தயாரிப்பாளரின் பட்டியலே சொல்லிவிடும். எச்கேஎஸ், அக்ராபோவிச் மாதிரிப் பெயர்களில் போலி மஃப்ளர்கள் சுற்றுகின்றன என்பதால் அந்த நம்பரும் பழைய பில்லும் இருந்தால் தனி மரியாதை. நீங்களே இரண்டாம் கையாக வாங்கியிருந்து, அசல்தானா என்று சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

முன்னால் வைத்திருந்தவர் ஏதாவது வெட்டி ஒட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நான் முதன்முதலில் விற்ற கேட்-பேக், நடுக்குழாயில் நாலு செ.மீ. வெட்டி மறுபடி பற்ற வைத்தது. என் வண்டியில் ஒழுங்காக இருந்ததால் எனக்கே தெரியாது. வாங்கியவர் வண்டியில் டிப் பம்பருக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, பார்சல் செலவும் இருபக்கமும் என் தலையில் விழுந்தது. கம்பெனி வெல்டிங் மீன் செதில் அடுக்கிய மாதிரி சீராக இருக்கும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டி கட்டியாக இருந்தால் அங்கே கதை இருக்கிறது.

கழற்றுவது

கழற்றும் விதத்தில்தான் விலையே கெடுகிறது. துருவேறிய நட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் "குழாயை அறுத்து எடுத்துடலாம் சார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறுத்த எக்ஸாஸ்ட்டை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். போல்ட் அறுந்தால் அறுந்து போகட்டும், அது புதிதாகக் கிடைக்கும்.

முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். நீங்களே செய்வதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சமதரையில், ஜாக் ஸ்டாண்டு கொடுத்துத்தான். ஆக்சிஜன் சென்சார் குழாயில் இருந்தால் முதலில் அதன் ஒயரைப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் குழாய் இறங்கும்போது ஒயர் அறுந்துபோகும். குழாயை வண்டியின் அடியில் தொங்க விடுகிற ஹேங்கர் ரப்பர்களில் சோப்புத் தண்ணீரோ சிலிக்கான் ஸ்ப்ரேயோ அடித்தால் வழுக்கிக்கொண்டு வரும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும், அது வேண்டாம். மஃப்ளரை ஒருவர் தாங்கிப் பிடிக்க, கடைசி ரப்பரை இன்னொருவர் கழற்றட்டும். துண்டுகளைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். வாங்குகிறவர் அந்தக் கோட்டைச் சேர்த்து வைத்தாலே கோணம் சரியாக வந்துவிடும்.

கிளாம்ப், போல்ட், ஸ்ப்ரிங் எல்லாம் ஒரே பையில் போய்விட வேண்டும். இணைப்பில் புகை கசியாமல் அடைக்கிற பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். அந்த அளவுக்குப் புதிய கேஸ்கெட் கிடைத்தால் ஒன்று வாங்கிச் சேர்த்து வையுங்கள். சின்னச் செலவுதான், பேரத்தில் அதைவிட அதிகம் திரும்ப வரும்.

சோதனையும் சுத்தமும்

முதலில் மஃப்ளரைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்துங்கள். அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர் வெளியே வரலாம். அதிர்ச்சி அடைய வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. குழாய் முழுக்கச் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் அது மஃப்ளருக்குள்ளேயே தங்கிவிடும். சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓடுகிற வண்டிகளின் மஃப்ளர் உள்ளிருந்து அரிப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் வடிந்ததும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. டிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி சாதாரணம். பிசுபிசுவென்று எண்ணெய்க் கரி ஒட்டினால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். விவரம் தெரிந்தவர் பார்க்க வந்தால் அவர் செய்யும் முதல் வேலையே இதுதான். கசிவு பார்க்க, ஒரு முனையைத் துணியால் அடைத்து, மறுமுனையில் காற்றடித்து, வெல்டிங் மேல் சோப்பு நுரை தடவுங்கள். நுரை கொப்பளிக்கிற இடம் விரிசல். ஹேங்கர் கம்பி குழாயோடு சேரும் இடத்தைத் தனியாகப் பாருங்கள், அதிர்வெல்லாம் அங்கேதான் போய் நிற்கும்.

சுத்தம் செய்வதில் ஆர்வக்கோளாறு வேண்டாம். கிரீஸ் நீக்கியும் வெந்நீரும் நைலான் பிரஷும் போதும். சாதாரண இரும்பு நாரால் ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்த்தால் இரும்புத் துகள்கள் மேலே பதிந்து, ஒரு வாரத்தில் பளபளப்பின் நடுவே துருப்புள்ளிகள் முளைக்கும். பிளீச்சும் கழிவறை ஆசிட்டும் குளோரைடு கலந்தவை, ஸ்டெயின்லெஸ்ஸில் குழி விழ வைக்கும். டைட்டானிய டிப்பில் நீலமும் ஊதாவுமாகச் சூட்டு நிறம் ஏறியிருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அந்த நிறத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம்

இது ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். பொதுவாக, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதில் ஒலி அளவுதான் பிரச்சினை. ஐநா விதி 59-இன் கீழ் அனுமதி பெற்ற மஃப்ளர்களில் ஆங்கில 'E' எழுத்தும் ஒரு எண்ணும் வட்டத்துக்குள் பொறித்திருக்கும். ஜப்பானியப் பொருள்களில் அந்நாட்டு மஃப்ளர் தயாரிப்பாளர் சங்கமான ஜாஸ்மாவின் முத்திரை இருக்கலாம். இருந்தால் கிட்டப் போய்ப் போட்டோ எடுங்கள், அது விலையை ஏற்றும்.

கன்வெர்ட்டரையே எடுத்துவிடுகிற டவுன்பைப்பும் ஹெடரும் வேறு விஷயம். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் மாதிரிப் பல நாட்டுச் சட்டங்கள் கன்வெர்ட்டரை அகற்றுவதையே தடுக்கின்றன. சில இடங்களில் அப்படிப்பட்ட பாகத்தை விற்பதும் குற்றம். போதாக்குறைக்கு அதை மாட்டினால், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்கிற பி0420 என்ற கோடோடு பெரும்பாலும் எஞ்சின் விளக்கு எரியும். பழைய கன்வெர்ட்டரையும் சும்மா விற்றுவிட முடியாது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அது திருடர்களுக்குப் பிடித்த பொருள். உங்களுடையதுதான் என்று காட்ட பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

விலை

விற்பவர்கள் கேட்கிற விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு மாதமாக அதே விலையில் கிடக்கிற பொருள் எதையும் சொல்லாது. விற்றே போன பொருள்களின் விலையைத் தேடுங்கள். அது கிடைக்காதபோது நான் போடுகிற கணக்கு இது: புது விலையில் பாதியிலிருந்து ஆரம்பிப்பேன். பெயர் பெற்ற பிராண்டு, பில், முழு சாமான்கள், தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் மேலே போவேன். பிராண்டு தெரியாத 409 என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தாலும் சந்தோஷம். 'வாழ்நாள் வாரண்டி' என்று விளம்பரம் செய்ய வேண்டாம், பல கம்பெனிகள் அதை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன. நீங்கள் கொடுத்த மாட்டுக்கூலியும் டியூனிங் செலவும் விலையில் சேராது. வலிக்கும், ஆனால் சேராது.

வண்டியோடு சேர்த்தே விற்கலாமா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். வண்டி வாங்குகிறவர் எக்ஸாஸ்டுக்குத் தனியாகக் காசு தருவது அபூர்வம், சிலர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள். கம்பெனி சைலன்சரை மாட்டி வண்டியை விற்று, இதைத் தனியே விற்பதுதான் லாபம். கம்பெனி சைலன்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்கள் அல்லவா?

விளம்பரம்

தலைப்பிலேயே பிராண்டு, பார்ட் நம்பர், வண்டி மாடல், ஆண்டு, எஞ்சின், கேட்-பேக்கா ஆக்ஸில்-பேக்கா என்று வந்துவிட வேண்டும். ஒரே வண்டி பல பெயரில் விற்கப்பட்டிருந்தால் எல்லாப் பெயரையும் போடுங்கள். டொயோட்டா 86, சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு பிஆர்இசட் மூன்றும் உடன்பிறப்புகள். 86 என்று மட்டும் எழுதினால் பிஆர்இசட் தேடுகிறவர் உங்களைப் பார்க்கவே மாட்டார். அதே நேரம் பெயர் ஒன்று என்பதால் பொருந்திவிடும் என்றும் எழுதாதீர்கள். செடானுக்கும் ஹேட்ச்பேக்குக்கும் குழாய் நீளம் மாறும், நான்கு சக்கர இயக்கத்துக்குக் குழாயின் பாதையே மாறும், முகம் மாற்றிய (ஃபேஸ்லிஃப்ட்) மாடலில் பின் பம்பர் மாறும். "என் வண்டியில் இருந்தது, இந்த ஆண்டு, இந்த எஞ்சின்" என்பதுதான் நீங்கள் அடித்துச் சொல்லக்கூடியது.

எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே உரசியிருக்கிறது, எங்கே டொக்கு விழுந்திருக்கிறது, ரெசொனேட்டர் (ரீங்காரத்தை அடக்க நடுக்குழாயில் வைக்கிற சின்னப் பெட்டி) உண்டா என்றெல்லாம் எழுதுங்கள். "20 குதிரைத்திறன் கூடும்" என்பதை, எஞ்சின் திறனை இயந்திரத்தில் அளந்து தருகிற டைனோ அறிக்கை கையில் இல்லாவிட்டால், எழுத வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சினில் வெறும் கேட்-பேக் தருவது கொஞ்சம்தான் என்று வாங்குகிறவருக்கும் தெரியும்.

போட்டோவுக்குப் பழைய போர்வை ஒன்றை விரித்து, துண்டுகளை வண்டியில் இருக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள். முழுப்படம், ஒவ்வொரு ஃப்ளாஞ்ச், டிப்பின் உட்புறம், பார்ட் நம்பர் எல்லாம் எடுத்தபின், வேகத்தடையில் உரசிய அடிப்பக்கத்தைப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள். ஒரு படத்தில் மட்டும் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய தாள் இருக்கட்டும். உங்கள் படத்தைத் திருடி வேறொருவர் விற்க முயன்றால் அது உதவும்.

பேரமும் பணமும்

பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் முழு விலைக்கும் தலையாட்டுகிறவர், கேட்ட விலைக்கு மேலே அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பக் கேட்கிறவர், பணம் வாங்க இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்கிறவர், இந்த மூவரிடமும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகுதான் பொருள் நகர வேண்டும். நேரில் வருகிறவரை ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு, பகலில் வரச் சொல்லுங்கள், தன் வண்டியிலேயே வந்தால் அடியில் எட்டிப் பார்த்து ஃப்ளாஞ்ச்சை ஒப்பிட்டுக்கொள்ளலாம். "எடுத்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றால் சின்ன முன்பணம் கேளுங்கள். வராதவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பார்சல்

விலை சொல்லும் முன்பே பார்சல் செலவைக் கணக்கிட்டுவிடுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி, பல இடங்களில் 5,000-ஆல் வகுத்து, வருவதையும் எடை என்று எடுத்துக்கொள்வார்கள். 150 × 40 × 30 பெட்டி என்றால் 36 கிலோ. உள்ளே இருப்பது 18 கிலோதான் என்றாலும் கூலி 36-க்கு. அதனால் பிரிக்கக்கூடிய இணைப்பையெல்லாம் பிரித்து, குழாய்களை மஃப்ளரின் பக்கத்தில் அணைத்து வைத்துப் பெட்டியைச் சின்னதாக்குங்கள்.

உலோகம் உலோகத்தோடு உரசக் கூடாது. டிப்புக்கு மெல்லிய துணி, அதன்மேல் குமிழ் உறை. ஹேங்கர் கம்பிகள் பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அதனால் ஒவ்வொரு நுனியிலும் அட்டையை மடித்துச் செருகி டேப் ஒட்டுங்கள். ஃப்ளாஞ்ச் முகத்துக்கு வட்டமாக வெட்டிய அட்டை. போல்ட் பையைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தனியாகப் போட்டால் ஓட்டை வழியே விழுந்துவிடும். மஃப்ளரை மறுபடி ஒருமுறை கவிழ்த்துத் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பாருங்கள், நனைந்த அட்டைப்பெட்டி வழியிலேயே பிய்ந்துபோகும். மூடும் முன் உள்ளே ஒரு போட்டோ.

அனுப்பிய கையோடு வாங்கியவருக்கு இரண்டு விஷயம் எழுதிவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் முதல் ஸ்டார்ட்டில் குழாய் மேலிருந்து லேசாகப் புகை வரும், தீய்ந்த வாடை அடிக்கும். ஒட்டியிருக்கிற எண்ணெயும் கைரேகையும் எரிகிற புகைதான் அது, பத்து நிமிடத்தில் நின்றுவிடும் என்றும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்.